பழைய கொம்பியூட்டர் மணிக்கூட்டு பட்டரி: சார்ஜ் பண்றதா, மாத்துறதா, முதல்ல என்ன செய்யணும்

அக்கரைப்பற்றுத் தம்பி ஒருத்தர் கேட்ட கேள்விக்குத்தான் இது. அவர் கேட்டதைச் சுருக்கிச் சொன்னா, வாப்பாட நெல் மில்லில கணக்குப் பாத்த 386 எண்ட பழைய வகைக் கொம்பியூட்டர் ஒண்டு கனகாலம் ஸ்டோர் ரூமுக்குள்ள கிடந்திருக்கு, இப்ப போட்டா சீமொஸ் பட்டரி (மணிக்கூட்டையும் செட்டிங்கையும் தாங்குற பட்டரி) லோ எண்டு வருது, திகதி 1980க்குப் போகுது, ஹார்ட் டிஸ்கையும் காணல்ல எண்டுது. மதர்போர்டுல நீலக் கலர்ல உருளையா ஒரு பட்டரி, அதுக்குப் பக்கத்துல கொஞ்சம் வெள்ளையா பூத்திருக்காம். இதைச் சார்ஜ் ஏத்தி எடுக்க ஏலுமா, ஆரோ சொன்ன மாதிரி ராவு முழுக்க போட்டு வெச்சா சரி வருமா, இல்லாட்டி சிஆர்2032 பட்டன் பட்டரி ஒண்டை அதே இடத்துல ஈயம் வெச்சு ஒட்டிரலாமா எண்டு கேக்கிறார்.

தம்பி, வெள்ளையா பூத்திருக்கு எண்டு போற போக்கில ஒரு வரி எழுதினீங்க பாருங்க, அந்த வரிக்காகத்தான் நான் இவ்வளவு நீளமா எழுதுறன். கொம்பியூட்டரைத் திரும்பப் போடாதீங்க. ராவு முழுக்க போடுற கதையை விடுங்க. பட்டரியில பிளஸ் எந்தப் பக்கம், மைனஸ் எந்தப் பக்கம் எண்டு போன்ல வடிவா ஒரு போட்டோ எடுத்துட்டு சின்ன கட்டரால ரெண்டு காலையும் நறுக்கி இண்டைக்கே அதை வெளிய எடுங்க. மணிக்கூடு ஓடுறதெல்லாம் அடுத்த கிழமை பாக்கலாம். பட்டரி இல்லாம அந்த போர்ட் எத்தனை வருசம் கிடந்தாலும் ஒண்டும் ஆகாது, அந்தப் பட்டரியோட இன்னொரு மாரி கிடந்தா என்ன ஆகும் எண்டு சொல்ல ஏலாது.

ஹார்ட் டிஸ்க் காணாமப் போனதுக்குப் பயப்படத் தேவல்ல, டிஸ்க் அநேகமா நல்லாத்தான் இருக்கும். 1981ல வந்த ஐபிஎம்மிட முதல் பீசீல மணிக்கூடே கிடையாது, ஒவ்வொரு தரமும் போடக்குள்ள டொஸ் எண்ட அந்தக் காலத்து இயங்குதளம் திகதியையும் நேரத்தையும் கேக்கும், நாங்கதான் அடிச்சுக் குடுக்கணும், மற்ற செட்டிங் எல்லாம் போர்டுல இருக்கிற குட்டி சுவிட்சுகளால. 1984ல ஏடீ மாடல் வரக்குள்ளதான் மோட்டரோலாட எம்சி146818 எண்ட சிப்பைப் போட்டாங்க. அதுக்குள்ள 64 பைட் ஞாபகம் இருக்கு, 14 பைட் நேரத்துக்கும் அதைக் கட்டுப்படுத்துறதுக்கும், மிச்சம் 50 பைட்டுல என்ன ஹார்ட் டிஸ்க், என்ன பிளொப்பி, எவ்வளவு மெமரி எண்டு எழுதி வெச்சிருக்கும். கரண்ட் இல்லாத நேரம் இந்தச் சிப்பைப் பட்டரிதான் தாங்குது. பட்டரி செத்தா மணிக்கூடும் போகும், டிஸ்க்கிட விபரமும் சேந்து போகும். உங்கட 386ல தனிச் சிப்பா இருக்கலாம், வேற பெரிய சிப் ஒண்டுக்குள்ள அடங்கியும் இருக்கலாம், வேலை ஒண்டுதான். பக்கத்துல தீக்குச்சித் தடிப்புல மெல்லிசா ஒரு கிரிஸ்டல் இருக்கும், அது செக்கனுக்கு 32,768 தரம் அதிரும், அதைப் பதினைஞ்சு தரம் பாதி பாதியா பிரிச்சா சரியா ஒரு செக்கன் வரும்.

ஏடீயில ஐபிஎம் போட்டது 6 வோல்ட் லித்தியம் பட்டரி, போர்டுல ஒட்டாம வயர்ல தொங்க விட்டு பெட்டிச் சுவர்ல ஒட்டி வெச்சாங்க. அதைப் பாத்துச் செஞ்ச மற்ற கொம்பனிக்காரர்தான் செலவு குறையட்டும் எண்டு சார்ஜ் ஆகுற நிக்கல் கட்மியம் பட்டரியை நேரா போர்டுலயே ஈயம் வெச்சு ஒட்டினாங்க. உங்கட நீல உருளை அதுதான். உள்ள 1.2 வோல்ட் செல் மூண்டு அடுக்கி இருக்கும், மொத்தம் 3.6 வோல்ட், கொள்ளளவு பெரும்பாலும் 60 மில்லி அம்ப் அவர். வார்ட்டா எண்டு பேர் போட்டது கனக்க வரும். 286, 386, 486 காலத்து போர்டுகள்ல இதைத்தான் காணலாம்.

இதுக்குள்ள இருக்கிறது பொட்டாசியம் ஹைட்ரொக்சைட், நல்ல காரம். வயசு போக போக சீல் விட்டு வெளிய வரும். காத்துப் பட்டு பொட்டாசியம் காபனேட் ஆகினதுதான் நீங்க கண்ட வெள்ளை. அது ஈரத்தை இழுத்துக் குடிக்கிற சாமான், எங்கட பக்கத்துக்கு அதுதான் கெட்ட காலம். கல்லடி, காத்தான்குடிப் பக்கம் ஒரு புறம் கடல், மறு புறம் வாவி, உங்கட பக்கமும் கடல் காத்துத்தான், நவம்பர்ல இருந்து மாரி தொடங்கினா ஸ்டோர் ரூமுக்குள்ள துணியே காயாது. வெயில் காலத்துல காஞ்சு கிடக்கிற வெள்ளைத் தூள் மாரியில நனைஞ்சு திரும்ப செம்பைத் தின்னத் தொடங்கும், பச்சை நிறமா வாறது செம்பு அரிக்கிறது. மேல பாத்தா கொஞ்சம் மாதிரித்தான் தெரியும், ஆனா அது பச்சைப் பூச்சுக்குக் கீழால டிராக் எண்ட மெல்லிய செம்புக் கோட்டைப் பிடிச்சு ஊர்ந்து போகும், ஓட்டைகளுக்குள்ளால மற்றப் பக்கம் இறங்கும். கனக்க போர்டுகள்ல இந்தப் பட்டரி கீபோர்ட் சொக்கெட்டுக்கும் கீபோர்ட் கொன்ட்ரோலர் சிப்புக்கும் கிட்டத்தான் இருக்கும். அதனாலதான் பட்டரி ஒழுகின போர்டுல முதல் வாற வருத்தம் கீபோர்ட் எரர்.

இனி சார்ஜ் விசயம். ராவு முழுக்க போட்டா ஏறும் எண்டு சொன்னவர் பொய் சொல்லல்ல, போர்டு ஓடுற நேரம் அது சார்ஜ் ஆகத்தான் செய்யும், ஆனா எவ்வளவு வேகத்துல? 5 வோல்ட்ல இருந்து ஒரு டயோடும் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுறது) ஒரு ரெசிஸ்டரும் (கரண்டைக் குறைக்கிறது) ஊடாகத்தான் கரண்ட் போகுது. டயோட்ல 0.6 வோல்ட் போச்சு, பட்டரி 3.6, மிச்சம் 0.8 வோல்ட். உதாரணத்துக்கு ரெசிஸ்டர் 1 கிலோ ஓம் எண்டா 0.8 மில்லி அம்ப். நிக்கல் கட்மியத்துக்கு கொள்ளளவை விட நாப்பது வீதம் கூடக் குடுக்கணும், அப்ப 84 மில்லி அம்ப் அவர், வகுத்துப் பாத்தா 105 மணித்தியாலம். முந்தி மில்லில காலையில இருந்து பின்னேரம் வரை ஒவ்வொரு நாளும் ஓடின மெசினுக்கு இது போதும், ஒருநாளும் பட்டரி இறங்காது. இப்ப கிழமைக்கு ஒருக்கா அரை மணித்தியாலம் போட்டுப் பாக்கிற எங்களுக்கு அது ஏறவே ஏறாது, ஏறினதும் எங்கட வெக்கைக்கு மாசத்துக்குள்ள தானா இறங்கிரும். அதுவும் பட்டரி நல்ல பட்டரியா இருந்தா. முப்பது வருசம் வெறுமையா கிடந்ததுல ஒரு செல்லாவது உள்ளுக்குள்ள சோர்ட் ஆகி இருக்கும். சிலர் கூட வோல்ட் குடுத்து ஒரு அடி அடிச்சா உயிர் வரும் எண்டு செய்றாங்க, வரும்தான், கொஞ்ச நாளைக்கு, பிறகு சீல் விட்டு ஒழுகும். ஒழுகாம 3 வோல்டுக்கு மேல காட்டுற உருளை பட்டரி கிடைச்சாலும் நான் வெட்டித்தான் எடுப்பன்.

வெட்டின பிறகு துப்புரவு. காரத்துக்கு மெல்லிய அமிலம் வேணும், வினாகிரி போதும், ஆனா தென்னை வினாகிரி வேணாம், அடியில மண்டி இருக்கும், தெளிஞ்ச செயற்கை வினாகிரி வாங்குங்க, இல்லாட்டி தேசிக்காயைப் பிழிஞ்சு வடிச்சு எடுங்க. பழைய பல்லு பிரஷ்ஷால பூத்த இடத்துல மட்டும் தொட்டு வெச்சா நுரைக்கும், காபனேட்டும் அமிலமும் சேந்து வாயு வாறதுதான் அது. நுரைக்கிறது நிக்கும் வரைக்கும் தொட்டுத் தொட்டுத் தேயுங்க. பிறகு டிஸ்டில்ட் வாட்டரால நல்லா கழுவணும், வினாகிரி அங்கயே நிண்டா அதுவும் அரிக்கும். பெற்றோல் செட்டுல கார் பட்டரிக்கு ஊத்துற தண்ணி எண்டு போத்தல்ல விக்கிறதுதான், ஆனா போத்தலை வாசிச்சு எடுங்க, பக்கத்துலயே பட்டரி அசிட்டும் இருக்கும். கிணத்துத் தண்ணி வேணாம், உப்பு. கடைசியா ஐசோபுரோப்பில் அல்கஹோல் ஒரு தடவை, பிறகு ரெண்டு நாள் காய விடுங்க.

காஞ்ச பிறகு நல்ல வெளிச்சத்துல சரிச்சுப் பிடிச்சுப் பாருங்க. பச்சைப் பூச்சுக்குக் கீழ டிராக் கறுத்துப் போய் இருந்தா அந்த இடத்தைக் கத்தி நுனியால மெதுவா சுரண்டணும். சுரண்டக்குள்ள செம்பு பளபளத்தா அந்த டிராக் உயிரோட இருக்கு, ஈயம் பூசி மேல கொஞ்சம் கியூட்டெக்ஸ் அடிச்சு விடுங்க, நிறமில்லாதது நல்லம். தூளாக் கொட்டினா அது செத்துப் போச்சு, மல்டிமீட்டரை பீப்ல வெச்சு அங்க இருந்து எங்க போகுது எண்டு கண்டுபிடிச்சு, நெட்வேர்க் கேபிளுக்குள்ள இருக்கிற ஒத்தைக் கம்பியால பாலம் போடணும். கீபோர்ட் சொக்கெட் கால்களையும், பட்டரிக்குக் கிட்ட இருக்கிற ஐசி சொக்கெட்டுக்குள்ளயும் கட்டாயம் பாருங்க, சிப்பைக் கழட்டினா உள்ள பச்சையா இருக்கும். அரிச்ச இடத்துல ஈயம் ஒட்டவே ஒட்டாது, பழசை உறிஞ்சி எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். மண் பேப்பரால உரச வேணாம், அந்தத் தூள் மூக்குக்குள்ள போகக் கூடாது. வெட்டின பட்டரியையும் வளவுக்குள்ள எறியவோ குப்பையோட கொளுத்தவோ வேணாம், கட்மியம் நஞ்சு, கிணத்துக்குத்தான் இறங்கும். பையில கட்டி பிள்ளைகள் எடுக்காத இடத்துல வெச்சு, பழைய எலக்ட்ரோனிக் சாமான் எடுக்கிற ஆக்களிட்டக் குடுங்க.

இப்ப புதுசா என்ன போடுறது? சிஆர்2032ஐ நேரா அதே இடத்துல ஒட்டுறது, அதுதான் செய்யக் கூடாதது. அது சார்ஜ் ஆகாத லித்தியம். அந்த இடத்துல போர்ட் கரண்டைத் தள்ளுது எண்டு மேல பாத்தம்தானே, லித்தியத்துக்குள்ள கரண்டைத் தள்ளினா ஊதும், ஒழுகும், வெடிக்கவும் கூடும். நம்ம போர்ட் அப்படித் தள்ளுதா எண்டு அளந்து பாருங்க: பட்டரி இல்லாம போர்டைப் போட்டு, மீட்டரை 20 வோல்ட் டீசீல வெச்சு, பட்டரி இருந்த பிளஸ் மைனஸ் ரெண்டுலயும் பிடிங்க. 4 வோல்டுக்கு மேல காட்டினா சார்ஜ் லைன்தான். அதுக்குத் தடை ஒரு டயோட். பட்டரிட பிளஸ்ல இருந்து டயோட், டயோட்ல கோடு போட்ட பக்கம் போர்டைப் பாத்து இருக்கணும், அவ்வளவுதான். கரண்ட் வெளிய போகும், உள்ள வராது.

எந்த டயோட் எண்டதுல ஆக்கள் சண்டை பிடிக்கிறாங்க. சாதாரண 1என்4148ல 0.6 வோல்ட் போகும், 3ல 0.6 போனா 2.4தான், மணிக்கூடு நிண்டுரும், அதனால 1என்5817 மாதிரி ஷொட்கி எண்ட, வோல்ட் குறைவா விழுற டயோட் போடுங்க எண்டு சொல்லுவாங்க. எனக்கு அது சரியாப் படல்ல. 0.6 எண்டது மில்லி அம்ப் கணக்குல ஓடக்குள்ள. மணிக்கூடு குடிக்கிறது சில மைக்ரோ அம்ப்தான், அந்த அளவுக்கு 4148ல 0.4 வோல்ட் அளவுதான் விழும், 2.6க்கு மேல மிஞ்சும், கனக்க போர்டுக்கு அது காணும். 5817 ஒரு பெரிய டயோட், பின்பக்கமா கொஞ்சம் கசியும், சூடு கூட கூட கசிவும் கூடும், பெட்டிக்குள்ள இருக்கிற வெக்கைக்கு அது பட்டரிக்குள்ள சொட்டுச் சொட்டா சார்ஜ் ஏத்துற மாதிரித்தான். 4148ல மணிக்கூடு தங்கல்ல எண்டா பிஏடி85 மாதிரி சின்ன ஷொட்கி தேடுங்க. 4148 பழைய சார்ஜர், டீவி போர்ட் எதுலயும் கழட்டலாம், ஆரஞ்சுக் கலர் கண்ணாடிக் குழாயில கறுப்புக் கோடு.

பட்டரி மேல நேரா ஈயம் வைக்காதீங்க, சூட்டுக்கு சீல் போகும். செத்த பென்டியம் போர்ட் ஒண்டுல இருந்து பட்டரி ஹோல்டரைக் கழட்டி, ரெண்டு வயர் இழுத்து, ஹோல்டரைப் பெட்டிச் சுவர்ல டபுள் டேப்பால ஒட்டுங்க, அடுத்த தரம் மாத்த ஈயமே தேவைப்படாது. புது சிஆர்2032 மீட்டர்ல 3.2 அளவு காட்டும், 2.8க்குக் கீழ காட்டினா வாங்காதீங்க. வோல்ட் சரியா காட்டினாலும் மலிவு அட்டையில வாறது கனநாள் நிக்காது. கொள்ளளவு 220 மில்லி அம்ப் அவர் எண்டு வெச்சா, 5 மைக்ரோ அம்ப் குடிக்கிற மணிக்கூட்டுக்கு 44,000 மணித்தியாலம், அஞ்சு வருசம். பழைய தனிச் சிப்புகள் இதை விடக் கூடக் குடிக்கும், அப்ப வருசமும் குறையும்.

இதை விட லேசான வழி ஒண்டு உங்கட போர்டுலயே இருக்கலாம். பட்டரிக்குக் கிட்ட நாலு கால் வரிசை, அதுல ரெண்டாவது கால் இல்லாம இருக்கும், அது வெளிப் பட்டரிக்கு வெச்ச இடம். வழக்கமா முதல் கால் பிளஸ், நாலாவது மைனஸ், இருந்தாலும் மீட்டரால பாத்துட்டுக் குடுங்க. மூண்டு ஏஏ பட்டரி போடுற பெட்டியை வாங்கி 4.5 வோல்டை அதுல குடுத்தா மணிக்கூடு சந்தோசமா ஓடும். இந்த இடத்துலயும் 4 வோல்ட் வெளிய வருதா எண்டு அளந்து பாருங்க, வந்தா டயோட் இங்கயும் வேணும். ஏஏயும் ஒழுகும், ஒழுகினா பெட்டிக்குள்ளதான் ஒழுகும், அதுக்காக அதைப் போர்டுக்கு மேல தொங்க விடாம கீழ ஒரு மூலையில வைங்க. எனக்கு விருப்பமான முறை இதுதான்.

சார்ஜ் ஆகுறதுதான் வேணும் எண்டு நிக்கிற ஆக்களுக்கு: கோட்லெஸ் போனுக்குள்ள போடுற 3.6 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பட்டரி பொருந்தும், டயோட் தேவல்ல, ஆனா வயர்ல தூரமா வைங்க, அதுவும் ஒரு நாள் ஒழுகும். எல்ஐஆர்2032 எண்டு சார்ஜ் ஆகுற பட்டன் பட்டரி விக்கிறாங்க, பாக்க அச்சொட்டா 2032 மாதிரியே இருக்கும், அதுக்கு 4.2 வோல்டுக்கு மேல போகவே கூடாது, அளவு பாத்து நிப்பாட்டுற சேர்க்கிட் இந்தப் போர்டுகள்ல கிடையாது, அதனால தொடாதீங்க. 5.5 வோல்ட் 1 பரட் சூப்பர் கப்பாசிட்டர் போடலாம், ஒழுகுற பயம் மிச்சம் குறைவு, ஆனா 4.4ல இருந்து 2.5 வோல்ட் வரை 5 மைக்ரோ அம்ப் இழுத்தா நாலு நாள் சொச்சம்தான் தாங்கும். அடிக்கடி போடுற மெசினுக்கு நல்லம், உங்களுக்குச் சரி வராது.

வேற மெசின் வெச்சிருக்கிற ஆக்களும் வாசிப்பீங்க எண்டதால ஓட்டமா சொல்லிட்டுப் போறன். சில 486, பென்டியம் போர்டுல பட்டரியே கண்ணுல படாது, கறுப்பா தடிச்ச சிப் ஒண்டு, மேல டலஸ் எண்டும் ஒரு அலாரம் மணிக்கூட்டுப் படமும் போட்டிருக்கும். டிஎஸ்1287, டிஎஸ்12887 எண்டுறது இதுதான். லித்தியமும் கிரிஸ்டலும் பிசினுக்குள்ள புதைச்சு வெச்சது, பத்து வருசம் எண்டு சொல்லிக் குடுத்தாங்க, இப்ப எல்லாம் செத்துட்டுது. சார்ஜ் பண்ற கதையே இல்ல. சொக்கெட்டுல இருந்தா புதுசு வாங்கிக் குத்துங்க. ஈயம் வெச்சு ஒட்டி இருந்தா 16ஆம் காலும் 20ஆம் காலும் வெளிய வராம மேல வளைஞ்சு பிசினுக்குள்ள போற பக்கத்தை அரத்தால ராவி, உள்பட்டரிக்குப் போற தொடர்பை வெட்டிட்டு, 20ல பிளஸ், 16ல மைனஸ் வெச்சு சிஆர்2032 ஹோல்டர் ஒண்டை இழுக்கலாம். இதுக்கு டயோட் தேவல்ல, சிப்புக்குள்ளயே தடுப்பு இருக்கு.

பழைய மக்கிண்டோஷ் வெச்சிருந்தா உள்ள 3.6 வோல்ட் அரை ஏஏ லித்தியம் இருக்கும், அது வெடிச்சு ஒழுகி முழுப் போர்டையும் தின்ட கதை ஏராளம், கழட்டி வைங்க. அமிகா 500ட ஏ501 மெமரி கார்டுலயும் அமிகா 2000லயும் இருக்கிறது உங்கட நீல உருளைட சொந்தக்காரன்தான். பழைய தொஷிபா லப்டொப்ல சார்ஜ் ஆகுற குட்டிப் பட்டரி இருக்கும், அது இன்னும் உயிரோட இருந்தா ஒரு நாள் முழுக்க ஓன் பண்ணி விட்டா ஏறும், ராவு முழுக்க போடுங்க எண்டு சொன்னவர் இதைத்தான் மனசுல வெச்சுச் சொல்லி இருப்பார் போல. திங்க்பேட் லப்டொப்ல 161, 163 எண்டு எரர் இலக்கம் வந்தா அநேகமா வயர் வெச்ச பட்டன் பட்டரி ஒண்டை மாத்துறதோட வேலை முடிஞ்சுது.

திரும்ப உங்கட மில் கொம்பியூட்டர். பட்டரி மாத்தி, போட்ட உடன டெலிட் கீயை அமத்திக்கொண்டு செட்டப்புக்குள்ள போங்க. ஹார்ட் டிஸ்க் டைப் 47 (நாங்களே அளவு குடுக்கிற டைப்) எண்டு வெச்சு, டிஸ்க்கிட அளவைச் சொல்ற சிலிண்டர், ஹெட், செக்டர் எண்ட மூண்டு இலக்கத்தையும் கையால அடிக்கணும். டிஸ்க்கிட மேல லேபிள்ல எழுதி இருக்கும், உதாரணத்துக்கு சீகேட் எஸ்டி3144ஏ எண்டா 1001, 15, 17. மூண்டையும் பெருக்கி 512ஆல பெருக்கினா டிஸ்க்கிட அளவு வரணும், இதுல 130 எம்பீ. சரி பாக்க இது லேசான வழி. ஆனா லேபிளும் வாப்பா அண்டைக்கு வெச்ச செட்டிங்கும் ஒண்டா இருக்கணும் எண்டு கட்டாயம் இல்ல, அதனால டொஸ்ல ஏறின உடன எதையும் சேவ் பண்ணாதீங்க, கணக்குப் புரோகிராமைத் திறக்கவும் வேணாம், டிர் (dir) எண்டு அடிச்சு பைல் பேர்கள் ஒழுங்கா வருதா எண்டு மட்டும் பாருங்க. குழம்பி வந்தா கரண்டை நிப்பாட்டுங்க, பிழையான கணக்கோட எழுதினா பழையது அழிஞ்சுரும். ஒழுங்கா வந்தா மூண்டு இலக்கத்தையும் கடதாசியில எழுதி பெட்டிக்கு உள்பக்கமா ஒட்டுங்க.

கணக்குப் பைல்களை வெளிய எடுக்க டிஸ்க்கைக் கழட்டி யூஎஸ்பி அடப்டர்ல குத்திப் பாக்கலாம் எண்டு நினைப்பீங்க, இந்தக் காலத்துச் சின்ன டிஸ்க் கனக்க அதுல தெரியாது. அதே மெசின்லயே பிளொப்பிக்கு கொப்பி பண்ணுங்க. டொஸ் 6 இருந்தா இன்டர்லிங்க் (INTERLNK) எண்டு ஒரு புரோகிராம் சேந்தே வரும், சீரியல் கேபிளால இன்னொரு பழைய மெசினுக்கு இழுக்கலாம். அந்தக் கேபிள் கடையில கிடைக்காட்டி ஒம்பது பின் சொக்கெட் ரெண்டை வாங்கி 2ஐயும் 3ஐயும் மாத்திக் குடுத்து நாங்களே செஞ்சுக்கலாம், 5க்கு 5, 4ஐயும் 6ஐயும் மாத்தி, 7ஐயும் 8ஐயும் மாத்தி. துப்புரவு பண்ணிக் காஞ்ச பிறகு பட்டரி இருந்த இடத்துல எத்தனை வோல்ட் காட்டுது, அந்த நாலு கால் வரிசை இருக்கா இல்லையா எண்டு பாத்து எழுதுங்க, போர்டுட ரெண்டு பக்கப் போட்டோவும் போடுங்க, டிராக் எங்கயும் அறுந்திருந்தா எங்கால எங்க வயர் இழுக்கிறது எண்டு பாத்துச் சொல்றன்.